பிடித்த பிரேக் விடவில்லையா? முன் காலிப்பரைக் கழற்றிச் சுத்தம் செய்து திரும்பப் பூட்டும் முறை

வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சீட்டில் ஒருவரை உட்காரச் சொன்னால் முன் சக்கரம் தரையை விட்டு எழும்பும். கையால் ஒரு சுற்று சுற்றிவிடுங்கள். பிறகு பிரேக் லீவரை அழுத்திப் பிடித்து, விட்டுவிட்டு, மறுபடி சுற்றிப் பாருங்கள். டிஸ்கில் பேட் (டிஸ்கை அழுத்தி நிறுத்தும் உராய்வுக் கட்டை) லேசாக உரசும் ‘சர்’ சத்தம் இருக்கத்தான் செய்யும், அதைப் பற்றிக் கவலை வேண்டாம். ஆனால் சக்கரம் அரைச் சுற்று கூடப் போகாமல் நின்றுவிட்டால், பேட்களைத் தாங்கி டிஸ்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர், பிடித்ததை விடவில்லை என்று பொருள். இப்படியே ஓட்டினால் மைலேஜ் குறையும், பேட் சீக்கிரம் தேயும், டிஸ்க் சூடாகும். சூடு அதிகமானால் பிரேக் ஆயில் கொதித்து, அவசரத்தில் லீவர் கைப்பிடி வரை வந்து ஒட்டிக்கொள்ளும்.

டிரம் பிரேக்கில் ஷூவைத் திரும்ப இழுக்க ஸ்பிரிங் இருக்கிறது. டிஸ்க் பிரேக் காலிப்பரில் பேடைத் தள்ளும் பிஸ்டனைத் திரும்ப இழுக்கத் தனி ஸ்பிரிங் எதுவும் கிடையாது. அந்த வேலையைச் செய்வது பிஸ்டனைச் சுற்றியிருக்கும் சதுர வெட்டுள்ள ரப்பர் சீல். லீவரைப் பிடித்ததும் ஆயில் அழுத்தத்தில் பிஸ்டன் வெளியே நகர்கிறது. சீல் பிஸ்டனைக் கவ்விக்கொண்டிருப்பதால் அதுவும் சேர்ந்து வளைகிறது. லீவரை விட்டதும் வளைந்த சீல் நிமிர்ந்து, பிஸ்டனை மயிரிழை அளவு பின்னுக்கு இழுக்கிறது. அந்த மயிரிழைதான் சக்கரம் சுதந்திரமாகச் சுற்றக் காரணம். பேட் தேயத் தேய, பிஸ்டன் சீலுக்குள் கொஞ்சம் வழுக்கி முன்னே வந்து இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும். தேய்மானத்துக்கு நாம் எதையும் திருகி அட்ஜஸ்ட் செய்யத் தேவையில்லாதது இதனால்தான்.

காலிப்பரில் கைவைக்கும்போது இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிரேக்கைப் பிடிக்க வைப்பது சுலபம், பிடித்ததை விட வைப்பதில்தான் உழைப்பு இருக்கிறது.

இங்கே சொல்லும் முறை பல்சர், அப்பாச்சி, எஃப்இசட், கிளாசிக் 350 போன்ற வண்டிகளில் இருக்கும் இரண்டு பிஸ்டன் மிதவைக் காலிப்பருக்கானது. அதாவது பிஸ்டன்கள் ஒரே பக்கம் இருக்கும். காலிப்பர் மொத்தமும் ஸ்லைடு பின் எனப்படும் இரண்டு பின்களின் மேல் நகர்ந்து எதிர்ப்பக்கப் பேடை இழுத்துவரும். கேடிஎம் 390 டியூக்கில் இருப்பதுபோல் இருபுறமும் பிஸ்டன் உள்ள நிலையான காலிப்பர் வேறு வகை. அதன் இரண்டு பாதிகளைப் பிரிக்கும் போல்ட்டுகளைத் தொடாமல் இருப்பது நல்லது.

கழற்றும் முன் பேடைப் பாருங்கள்

பழைய பேட்கள் நோயைச் சொல்லிவிடும். பிஸ்டன் பக்கப் பேட் மட்டும் அதிகம் தேய்ந்து எதிர்ப்பக்கப் பேட் புதிதுபோல் இருந்தால், ஸ்லைடு பின்கள் இறுகிவிட்டன, காலிப்பர் நகரவில்லை. ஒரே பேட் ஒரு முனையில் மெலிந்து மறுமுனையில் தடித்து ஆப்பு மாதிரி தேய்ந்திருந்தால், இரண்டு பிஸ்டன்களில் ஒன்று மட்டும் வேலை செய்கிறது, அல்லது ஒரு பின் மட்டும் சிக்கியிருக்கிறது. இரண்டு பேடும் சமமாகத் தேய்ந்து, ஆனாலும் டிஸ்க் சுடுகிறதென்றால் பிஸ்டன்கள் உள்ளே போக மறுக்கின்றன, அல்லது மேலே, லீவரை அழுத்தும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில் கோளாறு.

இதில் கடைசியாகச் சொன்னதைப் பிரித்தறிய ஒரு எளிய வழி உண்டு. சக்கரம் இறுகிய நிலையில் காலிப்பரின் நிப்பிளை (காற்றும் ஆயிலும் வெளியேற்றத் திறக்கும் சிறு திருகு) ஒரு நொடி தளர்த்திப் பாருங்கள். ஆயில் பீறி, சக்கரம் உடனே விடுபட்டால் காலிப்பர் மேல் பழியில்லை. அழுத்தம் மேலே எங்கோ அடைபட்டு நிற்கிறது. நிப்பிளைத் திறந்தும் சக்கரம் இறுகியே இருந்தால் பிஸ்டனோ பின்னோதான் குற்றவாளி. சீல் கிட் வாங்கப் போகுமுன் இந்தச் சோதனையைச் செய்தால் வீண் செலவு மிச்சம்.

வாங்க வேண்டியவை

உங்கள் வண்டி மாடலுக்கான காலிப்பர் சீல் கிட். அதில் ஒவ்வொரு பிஸ்டனுக்கும் ஒரு தடித்த சீலும் தூசியைத் தடுக்கும் ஒரு மெல்லிய டஸ்ட் சீலும் இருக்கும். ஸ்லைடு பின்னின் ரப்பர் பூட் சில கிட்டில் சேர்ந்து வரும், சிலவற்றில் தனியாகக் கேட்க வேண்டும். ஆயில் வரும் ஹோஸைக் காலிப்பரில் பூட்டும் ஹோஸ் போல்ட்டுக்கு, ஹோஸ் முனையின் இரு பக்கமும் உட்காரும் வாஷர்கள் இரண்டு. இவை நசுங்கித்தான் ஆயிலை அடைக்கின்றன, ஒருமுறை நசுங்கியதைத் திரும்பப் போடாதீர்கள். சீல் உடைக்காத டாட் 4 பிரேக் ஆயில், சிறிய பாட்டில் போதும். சிலிக்கான் கிரீஸ் ஒரு டியூப். பிரேக் கிளீனர் ஸ்பிரே. பனியன் வேஸ்ட் நிறைய. நிப்பிளில் மாட்ட, மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும் ஒளி ஊடுருவும் டியூப் ஒரு முழம்.

ஆயில் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. 3.7 சதவீதம் நீர் சேர்ந்ததும் அந்த எல்லை 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. போன வருடம் திறந்து அலமாரியில் வைத்த பாட்டில் பார்க்கத் தெளிவாக இருந்தாலும் அதை நம்ப முடியாது. டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் கிளைக்கால் வகை. டாட் 5 மட்டும் சிலிக்கான் வகை. பெயர் நெருக்கமாக இருக்கிறதென்று அதை இவற்றோடு கலந்துவிடாதீர்கள். எதை ஊற்ற வேண்டும் என்பது மாஸ்டர் சிலிண்டர் மூடியிலேயே பொறித்திருக்கும்.

இன்னொன்று: பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல், சாதாரண சேஸிஸ் கிரீஸ் ஆகிய நான்கும் இந்த வேலைக்குப் பகை. பிரேக் சீல்களின் ரப்பர் பிரேக் ஆயிலைத் தாங்கும், பெட்ரோலியப் பொருள் பட்டால் ஊதிவிடும். ஊதிய சீல் பிஸ்டனை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். மண்ணெண்ணெயில் முக்கி பிரஷ் போட்டுப் பளபளவென்று எடுத்துக் கொடுத்த காலிப்பர் ஒரே மாதத்தில் மறுபடி ஜாம் ஆவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

கழற்றுதல்: வரிசை முக்கியம்

காலிப்பர் வண்டியில் பூட்டியிருக்கும்போதே பேட்களைத் தாங்கும் பேட் பின், ஹோஸ் போல்ட், நிப்பிள் மூன்றையும் கால் சுற்று தளர்த்தி, திரும்ப லேசாக இறுக்கி வைத்துக்கொள்ளுங்கள். கழற்றிய காலிப்பரைக் கையில் பிடித்துக்கொண்டு இறுகிய பேட் பின்னைத் திருகுவது பெரும் பாடு. நிப்பிளுக்கு ஓப்பன் ஸ்பேனர் போடாதீர்கள், முனை வழுக்கி வட்டமாகிவிடும். பல வண்டிகளில் அது 8 மி.மீ.; ரிங் ஸ்பேனர்தான் சரி. அசையவில்லையென்றால் துருநீக்கித் திரவம் விட்டு ஒரு மணி நேரம் காத்திருங்கள். அது வெளிப்பக்கம் மட்டும் படட்டும், பிறகு பிரேக் கிளீனரால் கழுவிவிடுங்கள். நிப்பிள் உள்ளே முறிந்தால் செலவு காலிப்பர் விலையில் போய் முடியும்.

டேங்க், மட்கார்டு மேல் ஈரத்துணி போர்த்துங்கள். பிரேக் ஆயில் பெயின்டைக் கரைக்கும். பட்டால் துடைப்பதோடு நிறுத்தாமல் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டியானால் சக்கர சென்சாரின் ஒயர் எந்த வழியாகப் போகிறது, எந்தக் கிளிப்பில் நிற்கிறது என்று போட்டோ எடுத்து வையுங்கள். பேட் ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கும் விதத்தையும், எந்த பின் மேலே, எந்த பின் கீழே என்பதையும் சேர்த்து எடுங்கள்.

மவுன்டிங் போல்ட் இரண்டையும் கழற்றிக் காலிப்பரை டிஸ்கிலிருந்து எடுத்து, பேட்களை உருவுங்கள். ஹோஸை இப்போது கழற்றக் கூடாது. பிஸ்டனை வெளியே கொண்டுவர மிகப் பாதுகாப்பான விசை நம் பிரேக் லீவர்தான். லீவரை மெதுவாக அழுத்த அழுத்த பிஸ்டன்கள் வெளியே வரும். ஒன்று மட்டும் வேகமாக வந்தால் அதை மரத்துண்டால் தடுத்துப் பிடித்து, மற்றதை வர வையுங்கள். இரண்டும் விழும் தறுவாய்க்கு வந்ததும் நிறுத்தி, கீழே தட்டு வைத்து ஹோஸைக் கழற்றி, பிஸ்டன்களைக் கையால் உருவிவிடலாம். ஏபிஎஸ் வண்டியில் ஹோஸைக் கழற்றியபின் லீவரைத் தொடவே கூடாது. ஹோஸ் முனையைச் சுத்தமான பிளாஸ்டிக்கால் சுற்றி மேல்நோக்கிக் கட்டிவிடுங்கள்.

பஞ்சர் கடையின் கம்ப்ரசர் காற்றை அடித்துப் பிஸ்டனை எடுக்கும் வழக்கம் நம் ஊரில் உண்டு. அந்த அழுத்தத்தில் பிஸ்டன் தோட்டா மாதிரி பாயும். எதிரே விரல் இருந்தால் நசுங்கும். காற்றுதான் வழி என்றால் சைக்கிள் பம்பே போதும், எதிரே தடித்த மரக்கட்டை இருக்க வேண்டும், விரல் இருக்கக் கூடாது. கட்டிங் பிளேயரால் பிஸ்டனை வெளியிலிருந்து கவ்வி இழுத்தால் விழும் கீறல், அந்தப் பிஸ்டனின் ஆயுளை அங்கேயே முடித்துவிடும்.

இரண்டு பிஸ்டனும் ஒரே அளவென்று நினைத்துவிடாதீர்கள், சில காலிப்பர்களில் ஒன்று சிறியது. ஒரே அளவானாலும் எது எந்தத் துளையிலிருந்து வந்தது என்று குறித்து வைப்பது நல்லது.

சீல் பள்ளம்: வேலையின் உயிர் இங்கேதான்

பழைய சீல்களைப் பல்குத்தும் மூங்கில் குச்சியாலோ முனை மழுங்கிய பிளாஸ்டிக்காலோ நெம்பி எடுங்கள். ஸ்குரூ டிரைவர் வேண்டாம்.

சீல் இருந்த பள்ளத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தால் அது அழுக்கு இல்லை, அலுமினியம் அரித்து உண்டான ஆக்சைடு. மழைநீர், வாட்டர் சர்வீஸ் கடையின் அழுத்தத் தண்ணீர், கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று இவையெல்லாம் டஸ்ட் சீலைத் தாண்டி உள்ளே போய் இதைச் செய்கின்றன. தூத்துக்குடி, நாகப்பட்டினம், ராமேசுவரம் பக்கம் ஓடும் வண்டிகளுக்கு இது கூடுதல் தொல்லை. இந்தப் பொருக்கு சீலுக்குப் பின்னால் வளர்ந்து சீலைப் பிஸ்டன் பக்கமாகத் தள்ளுகிறது. சீல் நிமிர்ந்து பின்வாங்க இடமில்லாமல் போகிறது. பிஸ்டன் இறுகிவிடுகிறது.

பலர் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். புது கிட், சில நேரம் புதுப் பிஸ்டனும்கூடப் போட்டிருப்பார்கள். பள்ளத்தைச் சுரண்டியிருக்க மாட்டார்கள். புது சீல் பழைய பொருக்கின் மேல் உட்காருவதால் பிரச்சினை அப்படியே இருக்கும், சில நேரம் முன்பைவிட மோசமாகவும் இருக்கும். புதுப் பிஸ்டனா, சுத்தமான பள்ளமா, ஒன்றுதான் கிடைக்கும் என்றால் நான் பள்ளத்தைத்தான் எடுப்பேன்.

பிரேக் கிளீனர் இந்தப் பொருக்கைக் கரைக்காது. பித்தளை பிரஷ், முனை வளைத்த பித்தளைக் கம்பி, மூங்கில் குச்சி என்று பொறுமையாகச் சுரண்ட வேண்டும். பள்ளத்தின் அடிப்பகுதியைவிட, அதன் இரு ஓர மூலைகளில்தான் பொருக்கு ஒளிந்திருக்கும். அந்தப் பள்ளம் சீல் வளைய இடம்கொடுக்கும்படி லேசாகச் சாய்த்துக் கடையப்பட்டது. இரும்புக் கம்பியால் முரட்டுத்தனமாகக் கிழித்தால் அந்த வடிவமே கெட்டுப்போகும். பிஸ்டன் ஓடும் துளைச் சுவரில் உப்புத்தாள் போடாதீர்கள். விரல் நகம் பள்ளத்தின் மூலையில் எங்கும் தடுக்காமல் ஒரு சுற்று வர வேண்டும், அதுவரை விடாதீர்கள். பிறகு பிரேக் கிளீனர் அடித்து, நிப்பிள் துளை, ஹோஸ் துளை இரண்டின் வழியாகவும் பாய்ச்சி, காய விடுங்கள். பழைய பேட் தூசியை வாயால் ஊதாதீர்கள், ஈரமாக்கித் துடைத்தெடுங்கள்.

ஒரு சோதனை: சீல் எதுவும் போடாமல் பிஸ்டனைத் துளையில் வைத்தால், அது தன் எடையிலேயே வழுக்கி இறங்க வேண்டும்.

பிஸ்டன் தேறுமா?

எல்லா அழுக்கையும் துடைத்தபின் பிஸ்டனின் பக்கச் சுவரை வெளிச்சத்தில் சுழற்றிப் பாருங்கள். நிறம் மங்கியிருந்தால் பரவாயில்லை. சீல் உரசும் பகுதியில் குரோம் உரிந்திருந்தாலோ, நகத்தில் தட்டுப்படும் துருக்குழி இருந்தாலோ பிஸ்டனை மாற்றுங்கள். பேடைத் தொடும் வாய்ப்பக்க விளிம்பில் மட்டும் சிறு துரு இருந்தால் நயமான பாலிஷால் எடுத்துவிட்டுப் போடலாம்.

புதுப் பேட் மாற்றும்போது மட்டும் காலிப்பரைத் தொடுகிறவர்களும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பேட் தேயத் தேயப் பிஸ்டன் வெளியே நீண்டு நிற்கும். அந்த வெளிப்பகுதியில் மண்ணும் துருவும் ஒட்டியிருக்கும். தடித்த புதுப் பேடுக்கு இடம் செய்ய ஸ்குரூ டிரைவரால் நெம்பிப் பிஸ்டனை உள்ளே தள்ளினால் அத்தனை குப்பையும் சீலுக்குள் போகிறது. ‘பேட் மாற்றினதிலிருந்துதான் வண்டி இழுக்கிறது’ என்ற புகார் இதிலிருந்துதான் வருகிறது. தள்ளும் முன் பழைய டூத்பிரஷும் பிரேக் கிளீனரும் கொண்டு பிஸ்டனைத் துடைத்தால் தீர்ந்தது.

சீலும் பிஸ்டனும் பூட்டுதல்

கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உட்காருங்கள். தடித்த சீல் உள்பள்ளத்துக்கு, மெல்லிய டஸ்ட் சீல் வாயோரப் பள்ளத்துக்கு. தடித்த சீலைப் புது பிரேக் ஆயிலில் நனைத்து, பள்ளத்தில் ஒரு புள்ளியில் வைத்து, விரலால் அழுத்திக்கொண்டே சுற்றி வாருங்கள். முறுக்கிக்கொள்ளாமல் தட்டையாக உட்கார வேண்டும். டஸ்ட் சீலுக்குச் சிலிக்கான் கிரீஸ் மெலிதாகத் தடவலாம்.

பிஸ்டனின் பக்கச் சுவரிலும் புது ஆயில் தடவுங்கள். பெரும்பாலான காலிப்பர்களில் திறந்த வாய்ப்பக்கம் பேடைப் பார்த்தும், மூடிய பக்கம் உள்ளேயும் போகும். பிஸ்டனைத் துளைமேல் நேராக வைத்து, இரு கட்டைவிரல்களாலும் சமமாக அழுத்துங்கள். பழைய மேசை டிராயரை ஒரு பக்கமாகத் தள்ளினால் சிக்கிக்கொள்வதுபோல, துளி சாய்ந்தாலும் பிஸ்டன் நின்றுவிடும். நின்றால் சுத்தியலைத் தேடாதீர்கள். வெளியே எடுத்து, சீல் பிதுங்கியிருக்கிறதா என்று பார்த்து, மறுபடி வையுங்கள். லேசாகச் சுழற்றிக்கொண்டே அழுத்தினால் டஸ்ட் சீலைத் தாண்டுவது ஒருமுறை, உள்சீலைத் தாண்டுவது ஒருமுறை என இரண்டு சின்ன தடைகள் விரலுக்குத் தெரியும். அப்புறம் வழுக்கிக்கொண்டு அடிவரை போகும்.

கட்டைவிரல் பலத்திலேயே பிஸ்டன் அடிவரை போக வேண்டும். கிளாம்ப் போட்டு இறுக்கித்தான் போகிறது என்றால் பள்ளம் இன்னும் சுத்தமாகவில்லை. மனம் கசந்தாலும் கழற்றி மறுபடி சுரண்டுங்கள்.

ஸ்லைடு பின்

பிஸ்டனுக்குக் கொடுக்கும் மரியாதையைப் பலர் ஸ்லைடு பின்னுக்குக் கொடுப்பதில்லை. மிதவைக் காலிப்பரில் இது நகரவில்லையென்றால் பிஸ்டன் எவ்வளவு நயமாக ஓடினாலும் பயனில்லை.

காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டைக் காலிப்பரிலிருந்து உருவி, பின்களிலும் பின் நுழையும் துளைகளிலும் காய்ந்து கோந்தாகிப்போன பழைய கிரீஸை முழுக்கத் துடையுங்கள். துளைக்குள் பனியன் வேஸ்டைக் குச்சியில் சுற்றி நுழைத்து எடுத்தால் எவ்வளவு அழுக்கு வருகிறது என்று பாருங்கள். பின் வளைந்திருக்கிறதா என்று கண்ணாடித் தரையில் உருட்டிப் பார்க்கலாம். துரு அரித்திருந்தால் மாற்றிவிடுங்கள், விலை அதிகமில்லை.

இரண்டு பின்னும் ஒன்றுபோல் இருக்காது, அவற்றின் ரப்பர் பூட்டும் வெவ்வேறு. பூட் கிழிந்திருந்தாலோ, ஊதியிருந்தாலோ, உதடு காலிப்பரின் விளிம்பில் சரியாக உட்காராவிட்டாலோ தண்ணீர் புகுந்து இதே வேலை மறுபடி வரும்.

சிலிக்கான் கிரீஸ் மெல்லிய பூச்சாகப் போதும். நிறைய அப்பினால் அடைபட்ட துளைக்குள் கிரீஸும் காற்றும் சேர்ந்து அழுத்தப்பட்டு, பின்னை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். அதுவும் பேடை டிஸ்கில் உரச வைக்கும். பின்னை உள்ளே தள்ளும்போது பூட்டின் ஓரத்தை விரலால் நெம்பி அடைபட்ட காற்றை வெளியேற்றிவிடுங்கள். பிறகு பிராக்கெட்டை இரண்டு விரலால் முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். தடையில்லாமல் வழுக்க வேண்டும், தள்ளிய இடத்திலேயே நிற்கவும் வேண்டும்.

பேட், ஸ்பிரிங், பேட் பின்

காலிப்பருக்குள் மேலே உட்காரும் தகட்டு ஸ்பிரிங்குக்குத் திசை உண்டு; போட்டோவைப் பார்த்துப் போடுங்கள். பிராக்கெட்டில் பேடின் காது உட்காரும் இடத்தில் சின்ன ஸ்டீல் கிளிப் இருக்கும். அதைக் கழற்றி அடியிலுள்ள துருவைச் சுரண்டிவிட்டுத் திரும்ப மாட்டுங்கள். அடியில் துரு இருந்தால் கிளிப் உப்பி, பேட் சிக்கும். வெளிச்சந்தைப் பேட் சிலவற்றின் காதில் பெயின்ட் மொத்தமாக அப்பியிருக்கும். அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்தால் சரியாகும். பேட் கையாலேயே இலகுவாக நகர வேண்டும்.

பேட் முகத்தில் கிரீஸ் விரலால் தொடாதீர்கள். ஆயில் ஊறிய பேடை அடுப்பில் காட்டித் தேற்றும் வித்தையெல்லாம் வேண்டாம், மாற்றிவிடுங்கள். பேட் பின்னில் பேட் உட்காரும் இடத்தில் பள்ளம் விழுந்திருந்தால் பேட் அந்தப் பள்ளத்தில் மாட்டிக்கொள்ளும், பின்னையும் மாற்றத்தான் வேண்டும்.

டிஸ்கையும் இதே சூட்டில் பாருங்கள். குறைந்தபட்சத் தடிமன் எவ்வளவு என்று டிஸ்கிலேயே பொறித்திருக்கும். அதற்குக் கீழே போயிருந்தால் புதுப் பேட் போடுவது வீண். இல்லையென்றால் பிரேக் கிளீனரால் இரு பக்கமும் துடைத்துவிடுங்கள்.

வண்டியில் பூட்டுதல்

பேட்கள் டிஸ்கின் இரு பக்கமும் வருமாறு காலிப்பரை நுழைத்து, மவுன்டிங் போல்ட் இரண்டையும் முதலில் கையால் சில மரை ஏற்றுங்கள். பிறகு இறுக்குங்கள். ஹோஸ் போல்ட்டில் ஒரு புது வாஷர், ஹோஸ் முனை, இன்னொரு புது வாஷர் என்ற வரிசை. ஹோஸ் முனை காலிப்பரின் தடுப்பில் பழைய கோணத்திலேயே உட்காரட்டும். ஹேண்டில் பாரை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, ஹோஸ் எங்கும் இழுபடவில்லையா, டயரில் உரசவில்லையா என்று பாருங்கள்.

இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இருந்தால் உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவல் அளவைப் பின்பற்றுங்கள். ஒரு கணக்குக்குச் சொன்னால், பல ஹோண்டா வண்டிகளில் மவுன்டிங் போல்ட் 30, ஹோஸ் போல்ட் 34, பேட் பின் 18, நிப்பிள் 6 நியூட்டன் மீட்டர் என்ற ஒட்டில் இருக்கும். நிப்பிள் எண்ணைக் கவனியுங்கள். ஸ்பேனரை இரண்டு விரலால் பிடித்து இறுக்கும் அளவுதான் அது. மரை அலுமினியத்தில் இருப்பதால் பலத்தைக் காட்டினால் உரிந்துவிடும்.

காற்று எடுத்தல்

மாஸ்டர் சிலிண்டர் மூடியின் ஸ்குரூ தலை கெட்டுப்போவதற்குப் பெயர் பெற்றது. சரியான அளவு ஸ்குரூ டிரைவரை வைத்து, அதன் பின்புறம் ஒரு தட்டு தட்டிவிட்டு, அழுத்தித் திருகுங்கள். ஹேண்டிலைத் திருப்பி, மாஸ்டர் சிலிண்டரின் ஆயில் கிண்ணம் மட்டமாக இருக்கும்படி வைத்து, புது ஆயிலை மேல்கோடு வரை ஊற்றுங்கள்.

காலி காலிப்பருக்கு முதலில் ஆயில் இறங்க வேண்டும். நிப்பிளில் டியூபை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் உள்ள பாட்டிலில் முக்குங்கள். நிப்பிளைக் கால் சுற்று திறந்து, லீவரை மெதுவாக அழுத்தி, அழுத்திய நிலையிலேயே நிப்பிளை மூடி, லீவரை விடுங்கள். திறந்திருக்கும்போது லீவரை விட்டால் வெளியே போன காற்று திரும்ப உள்ளே வரும். கிண்ணத்தில் ஆயில் கீழ்க்கோட்டுக்கு வருமுன் ஊற்றிக்கொண்டே இருங்கள். ஒருமுறை காலியாகிவிட்டால் மேலிருந்து காற்று இறங்கி, வேலையை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஆயில் வரத் தொடங்கியதும் முறை கொஞ்சம் மாறும்: லீவரை மெதுவாகச் சில முறை அடித்து, அழுத்திப் பிடித்து, நிப்பிளைத் திறந்து, மூடி, விடுவது. டியூபில் குமிழி நின்றபின்னும் சில முறை செய்யுங்கள். காலிப்பரையும் ஹோஸையும் ஸ்பேனர் பிடியால் மெல்லத் தட்டினால் ஒட்டியிருக்கும் சிறு குமிழிகள் மேலேறும். காற்று மேலேதான் போகும் என்பதால் நிப்பிள் காலிப்பரின் உச்சியில் இருக்க வேண்டும். வண்டி சாய்ந்து நிற்பதால் அது உச்சியில் இல்லையென்றால் நேராக நிறுத்திச் செய்யுங்கள்.

இவ்வளவுக்கும் லீவர் பொதபொதவென்றே இருக்கிறதா? லீவரை ரப்பரால் ஹேண்டிலோடு இழுத்துக் கட்டி இரவு முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் அவிழ்த்து, மூடியைத் திறந்து, லீவரைச் சின்னச் சின்னதாகத் தட்டினால் மேலேறி நிற்கும் காற்று கிண்ணத்தில் குமிழியாக வெளியேறும். ஹோஸ் மேல்முனையில் தங்கும் காற்றுக்கு இது நல்ல மருந்து.

இந்தியாவில் 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயம் என்பதால் உங்கள் வண்டியிலும் அது இருக்க வாய்ப்பு அதிகம். காலிப்பர், ஹோஸ் மட்டத்திலேயே காற்று புகுந்திருந்தால் மேலே சொன்ன முறையே பெரும்பாலும் போதும். ஏபிஎஸ் பெட்டிக்குள்ளேயே காற்று போய்விட்டால் கம்பெனி சர்வீஸின் கருவியை மாட்டி வால்வுகளை இயக்கித்தான் எடுக்க வேண்டியிருக்கும். கிண்ணத்தைக் காலியாக விடாதீர்கள் என்று சொல்வது இதற்காகவும்தான். முன் பின் சேர்ந்து பிடிக்கும் சிபிஎஸ் வண்டிகளில் காற்றெடுக்கும் வரிசை மாடலுக்கு மாடல் மாறும், அங்கே மேனுவல் சொல்வதே சட்டம்.

முடிந்ததும் கிண்ணத்தின் ரப்பர் மடிப்பைப் பழைய வடிவத்துக்கு மடித்துப் போட்டு மூடுங்கள். மேல்கோட்டுக்கு மேல் நிரப்ப வேண்டாம். சூட்டில் விரியும் ஆயிலுக்கு இடமில்லாவிட்டால் அதுவே பிரேக்கைப் பிடித்து வைக்கும்.

ஓட்டும் முன்

வண்டியை நகர்த்துவதற்கு முன் லீவரை அது கெட்டியாகும்வரை பல முறை அடியுங்கள். உள்ளே தள்ளிய பிஸ்டன்கள் பேடைத் தொடும் வரை பிரேக்கே இருக்காது. தெருமுனையில் போய் இதைத் தெரிந்துகொள்ளக் கூடாது. லீவரை ஒரு நிமிடம் பலமாக அழுத்திப் பிடித்தபடி ஹோஸ் போல்ட், நிப்பிள், பிஸ்டன் ஓரம் எங்காவது கசிகிறதா என்று பாருங்கள். பிடித்த லீவர் மெதுவாகக் கீழிறங்கினால் கசிவு அல்லது மாஸ்டர் சிலிண்டர் சீல் கோளாறு, வண்டியை எடுக்காதீர்கள்.

அப்புறம் முதலில் செய்த சக்கரச் சோதனை. இப்போதும் இறுகினால் காலிப்பரை விட்டுவிட்டு மேலே போங்கள். லீவருக்கும் மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனுக்கும் இடையே துளி ஆட்டம் வேண்டும். வெளியே வாங்கி மாட்டிய அலங்கார லீவர்கள் சில அந்தப் பிஸ்டனை எப்போதும் லேசாக அழுத்திக்கொண்டே இருக்கும். ஆட்டம் சரியாக இருந்தால், கிண்ணத்தின் அடியில் ஊசிமுனை அளவில் ஒரு துளை இருப்பதைப் பாருங்கள். லீவரை விட்டதும் ஆயில் திரும்பும் வழி அதுதான். அது கசடால் அடைத்திருந்தால் அழுத்தம் இறங்காது. லீவரை லேசாகத் தொடும்போது கிண்ணத்தில் ஆயில் சின்னதாகக் குமிழ்ந்து எழுந்தால் துளை திறந்திருக்கிறது. அதுவும் சரி என்றால் ஹோஸ். பழைய ரப்பர் ஹோஸ் உள்ளே உப்பி, ஆயிலைப் போக விட்டுத் திரும்ப விடாமல் தடுக்கும். சக்கரம் இறுகியிருக்கும்போது மேலே மாஸ்டர் சிலிண்டர் பக்க ஹோஸ் போல்ட்டைத் தளர்த்தியும் விடாமல், கீழே நிப்பிளைத் திறந்ததும் விட்டால் ஹோஸை மாற்றுங்கள். போல்ட்டைத் தளர்த்திப் பார்த்தால் அங்கேயும் புது வாஷர் போட்டுக் காற்றெடுக்க வேண்டும்.

புதுப் பேட் போட்டிருந்தால் ஆளில்லாத சாலையில் ஐம்பது கிலோமீட்டர் வேகத்திலிருந்து பத்து வரை நிதானமாகப் பிடித்துக் குறைப்பதைப் பத்து, இருபது முறை செய்யுங்கள். இடையிடையே டிஸ்க் ஆற விடுங்கள். சூடான டிஸ்கில் பேடை இறுக்கிப் பிடித்தபடி நிற்காதீர்கள். அதுவரை பிரேக் கொஞ்சம் மந்தமாகவே இருக்கும், அதற்கேற்ற இடைவெளி விட்டு ஓட்டுங்கள். பிரேக்கே தொடாமல் ஒன்றிரண்டு கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, டிஸ்கின் மேல் சில சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சொய்யென்று ஆவியானால் இன்னும் எங்கோ உரசுகிறது.

மறுநாள் காலை வண்டி நின்ற இடத்தில் தரையையும், ஹோஸ் போல்ட்டையும், ஆயில் மட்டத்தையும் ஒருமுறை பாருங்கள். வடித்த பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல், மூடிய பாட்டிலில் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடலாம். ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும். ஸ்லைடு பின்களை மட்டும் ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் உருவித் துடைத்துக் கிரீஸ் வையுங்கள், அரை மணி நேர வேலைதான்.